எழுபதில் தளரும் நடையும் நாற்பதில் ஏறிய பி.பி.யும்

தலைசுற்றுகிறது, கால் இடறி விழுந்துவிட்டார், முன்புபோல் கடகடவென்று பேசுவதில்லை என்று ஏதோ ஒரு காரணத்துக்காக வீட்டுப் பெரியவருக்குத் தலையில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கிறோம். கைக்கு வரும் அறிக்கையில் கட்டி இல்லை, இரத்தக்கசிவு இல்லை என்று படித்து நிம்மதியாக மூச்சு விடும்போதே, கீழே இன்னொரு வரி கண்ணில் படும். மூளையின் வெண்பொருளில் ஆங்காங்கே வெண்திட்டுகள் தெரிகின்றன, நுண்ணிய இரத்தக்குழாய்களில் ஏற்பட்ட மாற்றமாக இருக்கலாம் என்று அதில் இருக்கும். மருத்துவரிடம் கேட்டால், "இந்த வயசுக்கு இது சகஜம்தான், பயப்படாதீங்க" என்பார். ஸ்கேன் உறை அலமாரிக்குள் போய்விடும்.

அவர் சொன்னது பொய்யில்லை. நெதர்லாந்தில் 60 முதல் 90 வயது வரையுள்ள 1,077 பேருக்கு ஸ்கேன் எடுத்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி ஒரு திட்டுகூட இல்லாதவர்கள் வெறும் 5 சதவீதம்தான். ஆனால் சகஜம் என்பது வேறு, கெடுதல் இல்லை என்பது வேறு. தலை நரைப்பது சகஜம், அதனால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. பல் விழுவதும் சகஜம்தான், ஆனால் பல்லைக் காப்பாற்ற முடியும், காப்பாற்றவும் வேண்டும். வெண்பொருளைப் பல்லோடுதான் சேர்க்க வேண்டும், நரையோடு அல்ல. அதைக் காப்பாற்றும் வேலையை எழுபதில் தொடங்கினால் பாதிப் பலன்தான். நாற்பதுகளில், உடம்பில் ஒரு குறையும் தெரியாத காலத்தில் தொடங்க வேண்டிய வேலை அது.

மூளை என்றதும் நம் மனதில் வருவது மேலே தெரியும் மடிப்புகள். அங்கேதான் நியூரான்கள் என்ற நரம்புச் செல்களின் உடல்கள் நெருக்கமாக இருக்கின்றன. அந்தச் சாம்பல் நிற ஓட்டுக்குக் கீழே, மூளையின் பருமனில் ஏறக்குறைய பாதியை அடைத்துக்கொண்டிருப்பது வெண்பொருள். நியூரான்களிலிருந்து நீளும் ஆக்சான் என்ற மெல்லிய இழைகள் இங்கே கட்டுக்கட்டாக ஓடுகின்றன. முன்மூளையைப் பின்மூளையோடும், இடப்பக்கத்தை வலப்பக்கத்தோடும், மூளையை முதுகுத்தண்டோடும் இணைப்பவை இவைதான். இடது, வலது அரைக்கோளங்களை இணைக்கும் பாலத்தில் மட்டும் சுமார் 20 கோடி இழைகள் இருக்கின்றன.

வெள்ளையாகத் தெரிவதற்குக் காரணம் கொழுப்பு. ஆக்சான்களைச் சுற்றி மயலின் என்ற உறை இருக்கிறது. நீரை நீக்கிவிட்டு எடை பார்த்தால் அதில் 70 சதவீதத்துக்கு மேல் கொழுப்புதான். இந்த உறையை நெய்வது ஆலிகோடென்ட்ரோசைட் என்ற செல். ஒரே செல் பல கைகளை நீட்டி, அக்கம்பக்கத்தில் ஓடும் பல இழைகளின் மீது தன் மெல்லிய படலத்தை அடுக்கடுக்காகச் சுற்றுகிறது. ஓர் உறைத்துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவே சிறு இடைவெளி விட்டிருக்கும். மின்சமிக்ஞை இழை நெடுக ஊர்ந்து போகாமல், இடைவெளிக்கு இடைவெளி தாவிச் செல்கிறது. உறையில்லாத இழையில் நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் நகரும் சமிக்ஞை, நன்றாக உறையிட்ட தடித்த இழையில் நொடிக்கு 100 மீட்டரையும் எட்டுகிறது. உறை என்றதும் மின்கம்பியின் மேலிருக்கும் பிளாஸ்டிக் போல உயிரில்லாத ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. உறையை நெய்த செல்தான் உள்ளே இருக்கும் இழைக்குச் சத்தும் ஊட்டுகிறது. அந்த செல் செத்தால் இழையும் பட்டினி கிடக்கும்.

வயதாகும்போது மூளையில் நியூரான்கள் கொத்துக்கொத்தாகச் சாகின்றன என்றுதான் பலரும் நம்புகிறார்கள். டென்மார்க்கில் நடந்த எண்ணிக்கைகள் வேறொரு படத்தைக் காட்டின. மூளையின் மேலோட்டில் 20 வயதுக்கும் 90 வயதுக்கும் இடையே குறையும் நியூரான்கள் சுமார் 10 சதவீதம்தான். இழைகளின் கதை அப்படியில்லை. 20 வயது ஆணின் மூளையில் மயலின் உறையுள்ள இழைகளை எல்லாம் முனைக்கு முனை சேர்த்தால் சுமார் 1,76,000 கிலோமீட்டர் வரும், பெண்ணுக்குச் சுமார் 1,49,000 என்று 2003இல் கணக்கிட்டார்கள். பூமியை ஏறக்குறைய நான்கு முறை சுற்றலாம் என்கிற அந்த நீளம், பத்தாண்டுக்குப் பத்து சதவீதம் வீதம் குறைந்து, 80 வயதுக்குள் 45 சதவீதம் இல்லாமல் போய்விடுகிறது. ஊர்கள் அப்படியே இருக்கின்றன, நடுவே சாலைகள்தான் அழிகின்றன.

இந்தச் சாலைகள் போடப்படும் வரிசையும் கவனிக்க வேண்டியது. அசைவு, பார்வை போன்றவற்றுக்கான இழைகளுக்குக் குழந்தைப் பருவத்திலேயே உறை கிடைத்துவிடும். திட்டமிடுவது, கவனத்தை மாற்றுவது, வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் அடக்கிக்கொள்வது ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் முன்மூளைக்கு இருபதுகளைத் தாண்டியும் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. வெண்பொருளின் மொத்தப் பருமன் முப்பதை ஒட்டி உச்சத்தைத் தொடுகிறது. தேயத் தொடங்கும்போது, கடைசியில் வந்ததுதான் பெரும்பாலும் முதலில் போகிறது.

கடைமடைக்கு வரும் தண்ணீர்

வெண்பொருள் ஏன் இவ்வளவு எளிதில் அடிபடுகிறது என்பதற்கு விடை இரத்தம் வந்து சேரும் வழியில் இருக்கிறது. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. அதில் பெரும்பங்கு சாம்பல் நிறப் பகுதிக்கே போய்விடும். உள்ளே இருக்கும் வெண்பொருளுக்கு இரத்தம் கொண்டுவருபவை, மேலிருந்தும் அடியிலிருந்தும் துளைத்துக்கொண்டு நெடுந்தூரம் வரும் மிக மெல்லிய தமனிகள். பக்கத்துக் குழாயோடு இணைப்பு அநேகமாக இருக்காது. ஒன்று அடைத்தால் இன்னொன்று கைகொடுக்க வழியில்லை. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை வயல். மூளைக்குள் வெண்பொருளின் உட்பகுதி, குறிப்பாக நீர் நிறைந்த மூளை அறைகளைச் சுற்றியுள்ள பகுதி, அப்படிப்பட்ட கடைமடை.

இந்த மெல்லிய குழாய்கள் மீது உயர் இரத்த அழுத்தம் ஆண்டுக்கணக்கில் மோதினால் என்ன ஆகும்? சுவரில் இருக்கும் தசை கொஞ்சம் கொஞ்சமாகப் போய், அந்த இடத்தில் விறைப்பான நார் சேருகிறது. சுவர் தடிக்கிறது, உள்விட்டம் சுருங்குகிறது. தேவைப்படும்போது விரிந்து அதிக இரத்தம் விடும் திறன் போகிறது. கூடவே, இரத்தத்தில் இருப்பவை கண்டபடி மூளைக்குள் நுழையாமல் காக்கும் தடுப்பும் கசியத் தொடங்குகிறது. வெளியே கசிந்த நீரும் புரதங்களும் இழைகளுக்கு நடுவே தேங்குகின்றன. ஆலிகோடென்ட்ரோசைட்டும், அதை உருவாக்கும் இளஞ்செல்களும் ஆக்சிஜன் குறைவைத் தாங்கமாட்டாதவை. இன்னொரு பக்கம், வயதோடு இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி விறைத்துப்போகிறது. இளவயதில் ஒவ்வொரு துடிப்பின் அதிர்ச்சியையும் அது பஞ்சுபோல உள்வாங்கிக்கொண்டிருந்தது. விறைத்த பிறகு அந்த அடி நேராக மூளையின் நுண்குழாய்கள் வரை போய் விழுகிறது.

இதைப் பற்றிய அறிவு புதிதல்ல. வெண்பொருள் மட்டும் சிதைந்து, மேலோடு ஓரளவு நன்றாக இருந்த நோயாளிகளைப் பற்றி ஜெர்மனியில் பணியாற்றிய சுவிஸ் மருத்துவர் ஓட்டோ பின்ஸ்வாங்கர் 1894லேயே எழுதினார். ஆனால் இறந்த பிறகு மூளையை அறுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்ற நிலை ஸ்கேன் வரும்வரை நீடித்தது. ஸ்கேன்கள் பரவியதும், இதுவரை யாரும் எதிர்பார்க்காத அளவுக்குத் திட்டுகள் எல்லோர் தலையிலும் தென்பட்டன. 1987இல் விளாடிமிர் ஹச்சின்ஸ்கியும் அவருடைய சகாக்களும் இதற்கு லூக்கோஅரையோசிஸ் என்று பெயரிட்டார்கள். வெண்மை நைந்துபோதல் என்பது அதன் கிரேக்கப் பொருள். அதே ஆண்டு ஃபசேகாஸ் என்பவர் திட்டுகளின் அளவை 0 முதல் 3 வரை தரம் பிரிக்கும் முறையைத் தந்தார். இன்றும் ஸ்கேன் அறிக்கைகளில் அவர் பெயரைப் பார்க்கலாம். 1 என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமான புள்ளிகள். 3 என்றால் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து பெரும் படலமாகிவிட்டன என்று பொருள். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் பெரிது. "சகஜம்தான்" என்ற ஒரே சொல்லால் இரண்டையும் மூடிவிடக் கூடாது.

எல்லா வெண்திட்டும் இரத்தக்குழாயால் வந்தது என்றும் சொல்லிவிட முடியாது. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குச் சின்னப் புள்ளிகள் இருக்கலாம். உடலின் எதிர்ப்புச் சக்தியே மயலினைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் முற்றிலும் வேறு நோய். கேடசில் என்ற பரம்பரை நோயில், நாட்ச்3 என்ற மரபணுவின் கோளாறால் இளவயதிலேயே வெண்பொருள் நாசமாகிறது. திட்டின் இடத்தையும் வடிவத்தையும் வைத்து இவற்றைப் பிரித்தறிவது நரம்பியல் மருத்துவரின் வேலை.

மறதிக்கு முன்னால் வருவது

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்கத் தவறுவது இங்கேதான். மூளைக் கோளாறு என்றால் மறதியாகத்தான் தொடங்கும் என்று காத்திருக்கிறோம். வெண்பொருள் நைந்தால் முதலில் வருவது பெரும்பாலும் மறதி அல்ல, மந்தம். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் வரும், ஆனால் வரத் தாமதமாகும். வங்கிப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போது நடுவே யாராவது ஏதாவது கேட்டால், மறுபடி படிவத்துக்குத் திரும்ப முடியாமல் திணறுவார். காலடி சிறுத்து, பாதங்கள் தரையோடு உரசும். சிறுநீர் வருகிறது என்றால் அடக்க முடியாது. முன்பு ஆசையாகச் செய்த காரியங்களில் நாட்டம் போய்விடும். இவற்றையெல்லாம் தனித்தனியாகப் பார்த்து, நடை தளர்ந்ததை முட்டிவலி என்றும், சிறுநீரைச் சர்க்கரை என்றும், நாட்டமின்மையைப் பிடிவாதம் என்றும் பெயர் வைத்துவிடுகிறோம். முன்மூளையை அடிமூளையோடு இணைக்கும் இழைகள் ஒரே வழியாகக் கீழே இறங்குகின்றன. அந்த வழி சேதமானால் நடை, சிறுநீர், சுறுசுறுப்பு மூன்றும் சேர்ந்தே பாதிக்கப்படும்.

இதை நேரிலேயே பார்க்கலாம். பெரியவரோடு சேர்ந்து நடந்து செல்லுங்கள். போகும் வழியில் கொஞ்சம் யோசித்துப் பதில் சொல்ல வேண்டிய ஒரு கேள்வியைக் கேளுங்கள். நடந்துகொண்டே பதில் சொல்கிறாரா, நின்று, யோசித்து, சொல்லி முடித்துவிட்டு மறுபடி நடக்கிறாரா? ஸ்வீடனில் முதியோர் குடியிருப்பு ஒன்றில் இதையே சோதனையாகச் செய்து 1997இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். 58 பேரில் 12 பேர் பேசுவதற்காக நடையை நிறுத்தினார்கள். அந்த 12 பேரில் 10 பேர் அடுத்த ஆறு மாதத்துக்குள் விழுந்தார்கள். இளமையில் தன் போக்கில் ஓடிக்கொண்டிருந்த நடைக்கு இப்போது முழுக் கவனமும் தேவைப்படுகிறது. பேச்சுக்கும் அதே கவனம் வேண்டும் என்றால் இரண்டில் ஒன்று நிற்கத்தான் வேண்டும்.

ஐரோப்பாவில் 65 முதல் 84 வயது வரையுள்ள 639 பேரைப் பின்தொடர்ந்த லாடிஸ் ஆய்வில், தொடக்கத்தில் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான் சேர்க்கப்பட்டார்கள். வெண்பொருள் கடுமையாகச் சிதைந்திருந்தவர்கள், லேசாக இருந்தவர்களைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வேகமாகப் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலைக்கு வந்தார்கள் அல்லது இறந்தார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்து 2010இல் செய்த கணக்கெடுப்பில், திட்டுகள் உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து மூன்று மடங்குக்கு மேல், நினைவும் அறிவுத்திறனும் மங்கும் டிமென்ஷியாவின் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று வந்தது. அல்சைமர் நோயும் இதுவும் தனித்தனி வீடுகளில் இருப்பவை அல்ல. வயதானவர்களின் மூளையில் இரண்டும் சேர்ந்தே காணப்படுவது வெகு சாதாரணம். மயலினைக் கெடுத்தாலே அல்சைமரின் அடையாளமான அமிலாய்டு என்ற புரதப் படிவு கூடுகிறது என்று எலிகளில் 2023இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

எதைச் செய்தால் பலன்

முதலிடம் இரத்த அழுத்தத்துக்கு. இரண்டாமிடத்தில் இருப்பது எதுவானாலும் அது வெகு தூரம் பின்னால் இருக்கிறது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இங்கேதான் பெரிய அளவிலான சோதனை முறையில் கிடைத்த சான்று கையில் இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்பிரிண்ட் ஆய்வில் 50 வயதைக் கடந்த, பி.பி. உள்ள, சர்க்கரை நோய் இல்லாத 9,361 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு பி.பி.யின் மேல் எண்ணை (சிஸ்டாலிக்) 140க்குக் கீழே வைக்க மருந்து, இன்னொன்றுக்கு 120க்குக் கீழே. அவர்களில் 449 பேருக்கு சுமார் நான்கு ஆண்டு இடைவெளியில் இரண்டு ஸ்கேன்கள் எடுக்கப்பட்டன. 140 குழுவில் வெண்திட்டுகளின் பருமன் 1.45 கன சென்டிமீட்டர் கூடியது, 120 குழுவில் 0.92 மட்டுமே. டிமென்ஷியாவுக்கு முந்திய லேசான அறிவுத்திறன் குறைவு, 120 குழுவில் 19 சதவீதம் குறைவாக வந்தது. டிமென்ஷியாவிலும் குறைவு தெரிந்தது, ஆனால் அது உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. மூளையின் மொத்தப் பருமன் 120 குழுவில் கொஞ்சம் அதிகமாகவே குறைந்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

75 வயதுக்கு மேற்பட்ட 199 பேரிடம் நடந்த இன்ஃபினிட்டி ஆய்வும் இதே திசையைக் காட்டியது. 24 மணி நேரக் கருவியில் மேல் எண் 130 அளவில் வைக்கப்பட்டவர்களுக்கு, 145 அளவில் இருந்தவர்களைவிட மூன்று ஆண்டுகளில் திட்டுகள் வளர்ந்த வேகம் சுமார் 40 சதவீதம் குறைவு. ஆனால் நடையின் வேகத்தில் இரு குழுவுக்கும் வித்தியாசமில்லை. சிதைவு நிதானித்தது, போன நடை திரும்பவில்லை. அந்த வயதில் மூன்றாண்டு என்பது மிகத் தாமதமான, மிகக் குறுகிய தவணை என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அப்படியானால் எப்போது? பிரிட்டனில் 1946ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் ஒரே வாரத்தில் பிறந்தவர்களைப் பிறப்பிலிருந்தே பின்தொடர்ந்து வருகிறார்கள். அவர்களில் சுமார் 500 பேருக்கு 70 வயதை ஒட்டி மூளை ஸ்கேன் எடுத்து, பழைய பி.பி. கணக்குகளோடு வைத்துப் பார்த்தார்கள். 53 வயதில் பி.பி. எவ்வளவு இருந்தது, 43க்கும் 53க்கும் நடுவே எவ்வளவு ஏறியது என்ற இரண்டும், எழுபதில் வெண்திட்டு எவ்வளவு இருக்கும் என்பதோடு நேராகப் பொருந்தின. அந்தப் பத்தாண்டில் ஒருவருக்குத் தலைவலிகூட வந்திருக்காது. பிள்ளைகளின் படிப்பு, வேலை, கடன் என்று ஓடிக்கொண்டிருக்கும் காலம் அது. பி.பி. கொஞ்சம் கூட இருக்கிறது, டென்ஷனால் இருக்கும் என்று தள்ளிப்போடும் காலமும் அதுதான்.

பி.பி. பார்ப்பதிலேயே பெரும் தவறு நடக்கிறது. படியேறி வந்த மூச்சு அடங்குமுன், காலைத் தொங்கப்போட்டபடி, பேசிக்கொண்டே பார்க்கும் எண்ணுக்கு மதிப்பில்லை. வீட்டிலேயே கைப்பட்டைக் கருவி வைத்துப் பார்ப்பவர்கள், அதற்கு அரைமணி முன்னதாகக் காபி, தேநீர், புகை எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் இரண்டும் தரையில் படும்படி, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். பட்டையைச் சட்டைக்கு மேல் கட்டாமல் வெறும் கையில் கட்டி, கையை இதய உயரத்தில் மேசைமீது வைக்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, காலையும் மாலையும், ஒரு வாரம் பார்த்து எழுதிக்கொண்டு போனால் மருத்துவர் முடிவெடுக்க அதைவிட நல்ல ஆவணம் வேறில்லை. ஸ்பிரிண்டின் 120ஐ அப்படியே எல்லோர் மீதும் வைத்துப் பார்க்கவும் கூடாது. அங்கே அளந்த முறை வேறு. பெரியவர்களுக்கு எழுந்து நின்றதும் பி.பி. சரிந்தால், கடைமடைக்குத் தண்ணீர் இன்னும் குறையும். உட்கார்ந்து பார்த்த பிறகு, எழுந்து நின்ற ஒன்றாவது, மூன்றாவது நிமிடங்களிலும் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் விழுந்தால் மருந்தின் அளவைப் பற்றி மருத்துவர் மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும்.

சர்க்கரை, புகை, உடல் பருமன் மூன்றும் இதே நுண்குழாய்களைத்தான் கெடுக்கின்றன. அதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. புகையை விட எந்த வயதும் தாமதமல்ல என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நல்ல தூக்கத்தில் இரவு பி.பி. 10 முதல் 20 சதவீதம் இறங்கும். குழாய்களுக்கு ஓய்வு கிடைப்பது அப்போதுதான். மூச்சு நின்று நின்று வரும் குறட்டை உள்ளவர்களுக்கு அந்த இறக்கம் இல்லாமல் போவதுடன், இரவு முழுக்க ஆக்சிஜனும் விட்டுவிட்டுக் குறைகிறது. பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் சேர்ந்திருந்தால் தூக்கப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. எலிகளில் தூக்கத்தின்போது மயலின் நெய்யும் மரபணுக்கள் முடுக்கிவிடப்படுகின்றன, உறை செல்லாக வளரப்போகும் இளஞ்செல்கள் வேகமாகப் பெருகுகின்றன என்பது 2013இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் தெரியவந்தது.

அடுத்து நடை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், அதிகம் உடற்பயிற்சி செய்யாத, ஆனால் ஆரோக்கியமான முதியவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு வேகநடை, ஒரு குழு கூட்டு நடனம், இன்னொன்று கை கால் நீட்டி மடக்கும் பயிற்சி. ஆறு மாதம் கழித்து ஸ்கேனில், நடந்தவர்களுக்கும் ஆடியவர்களுக்கும் வெண்பொருளின் அளவீடு முன்னேறியிருந்தது. மூன்றாவது குழுவுக்கு இறங்கியிருந்தது. நினைவாற்றல் சோதனையில் தேறியவர்கள் நடந்தவர்கள். தேய்வதை மெதுவாக்குவது மட்டுமல்ல, அறுபதைத் தாண்டியும் ஆறே மாதத்தில் வெண்பொருள் திருத்தத்துக்கு இடம் கொடுக்கிறது என்பது எனக்கு இதில் பெரிய செய்தி.

வெண்பொருள் பயிற்சிக்கு வளைந்துகொடுக்கும் என்று முதலில் நம்பவைத்தது 2009இல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த பந்து வீசிப் பிடிக்கும் சோதனை. மூன்று பந்துகளை மாறி மாறி மேலே வீசிப் பிடிக்க ஆறு வாரம் பழகியவர்களுக்கு, கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்யும் பகுதிக்கு அடியில் வெண்பொருளின் அமைப்பு மாறியிருந்தது. 2014இல் லண்டனில் ஒரு படி மேலே போனார்கள். எலி ஓடும் சக்கரத்தில் சில கம்பிகளைக் கழற்றிவிட்டு, இடைவெளி ஒழுங்கில்லாமல் செய்தார்கள். சாதாரண எலி சில நாட்களில் எங்கே கால் வைப்பது என்று கற்றுக்கொண்டு ஓடியது. புது ஆலிகோடென்ட்ரோசைட் உருவாகாதபடி தடுக்கப்பட்ட எலி அந்தச் சக்கரத்தைச் சரியாகக் கற்றுக்கொள்ளவே இல்லை. கற்பதற்குப் புது உறை வேண்டும், கற்கும்போதுதான் புது உறை நெய்யப்படுகிறது. தெரிந்ததையே திரும்பச் செய்வதைவிட, தடுமாற வைக்கும் ஒன்றை எடுத்துக்கொள்வது நல்லது என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் எனக்குத் தெரியவில்லை.

மாத்திரைகள் பற்றி நேர்மையாகப் பேச வேண்டும். வைட்டமின் பி12 குறைந்தால் மயலின் சிதையும் என்பது உறுதி. பாதம் மரத்துப்போவது, இருட்டில் நடை தள்ளாடுவது அதன் அடையாளங்கள். விலங்கு உணவே எடுக்காதவர்கள், வயிற்றில் அறுவைச் சிகிச்சை ஆனவர்கள், சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினோ வயிற்று அமிலம் குறைக்கும் மாத்திரையோ ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்கள் இதைச் சோதித்துக்கொள்ள வேண்டும். குறைவு இருந்தால் சிகிச்சை எளிது. இல்லாதவர்கள் மேலும் விழுங்குவதால் வெண்பொருள் காக்கப்படும் என்பதற்கு ஆதாரமில்லை. மீன் எண்ணெயின் ஒமேகா3 பற்றி, வெண்திட்டுகள் உள்ள 75 வயதுக்கு மேற்பட்ட 102 பேரிடம் அமெரிக்காவின் ஓரிகானில் மூன்று ஆண்டு சோதனை நடந்து 2024இல் முடிவு வந்தது. மொத்தத்தில் திட்டுகள் வளர்வதில் உறுதியான வித்தியாசம் இல்லை. அல்சைமர் ஆபத்தைக் கூட்டும் அபோ இ4 மரபணு உள்ளவர்களிடம் மட்டும் இழைச் சிதைவு குறைந்ததாகத் தெரிந்தது. அது மேலும் ஆராய வேண்டிய தடயம், கடைக்கு ஓட வேண்டிய காரணமல்ல. ஆஸ்பிரினில் இன்னும் எச்சரிக்கை தேவை. பக்கவாதமோ இதய நோயோ இல்லாத 19,114 முதியவர்களிடம் நடந்து 2018இல் வெளியான ஆஸ்ப்ரீ ஆய்வில், அது டிமென்ஷியாவோ ஊனமோ இல்லாத வாழ்நாளைக் கூட்டவில்லை, இரத்தப்போக்கைக் கூட்டியது. ஸ்கேனில் திட்டு இருக்கிறது என்பதற்காக மட்டும் யாரும் தாமாக ஆஸ்பிரின் தொடங்கக் கூடாது.

சிதைந்ததைத் திரும்ப நெய்யும் மருந்து வருமா? உறை நெய்யும் இளஞ்செல்கள் முதிய மூளையிலும் இருக்கின்றன. அவை முழுச் செல்லாக வளர மறுப்பதுதான் சிக்கல். மெட்ஃபார்மின் கொடுத்தால் வயதான எலிகளில் அந்தத் திறன் திரும்புகிறது என்று 2019இல் கேம்பிரிட்ஜில் கண்டார்கள். இளம் எலியின் மூளைத் தண்டுவட நீரை முதிய எலிக்குச் செலுத்தியபோது உறை செல்கள் பெருகி நினைவு தேறியது என்று 2022இல் ஸ்டான்ஃபோர்டில் கண்டார்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகள் 50 பேரிடம் கிளிமாஸ்டின் என்ற பழைய ஒவ்வாமை மருந்து, பார்வை நரம்பின் சமிக்ஞையைச் சற்றே வேகப்படுத்தியது 2017இல் பதிவானது. இதைப் படித்துவிட்டு யாரும் அந்த மாத்திரையைத் தேடிப் போக வேண்டாம். அந்த வகைப் பழைய ஒவ்வாமை மருந்துகள் முதியவர்களுக்குக் குழப்பத்தையும் தடுமாற்றத்தையும் தருபவை.

இப்போது அந்த ஸ்கேன் உறைக்குத் திரும்புவோம். அலமாரியிலிருந்து எடுத்து, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கொண்டுபோங்கள். ஃபசேகாஸ் தரம் எத்தனை என்று கேளுங்கள். ஒரு வார பி.பி. கணக்கையும், கடைசியாகப் பார்த்த சர்க்கரை, பி12 அளவுகளையும் அருகே வையுங்கள். போவதற்கு முன் வீட்டுத் தரையில் நான்கு மீட்டர் அளந்து இரண்டு கோடு போட்டு, பெரியவரை வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லி நேரம் பாருங்கள். ஐந்து நொடிக்கு மேல் ஆனால் அது மெதுவான நடை என்று கொள்வது மருத்துவ வழக்கம். அந்த எண்ணையும் தேதியோடு ஸ்கேன் உறையின் மேலேயே எழுதிவிடுங்கள். பெரியவர் நடந்து முடித்ததும், ஐம்பதை நெருங்கும் பிள்ளை அதே பி.பி. கருவியைத் தன் கையில் கட்டிப் பார்க்கட்டும்.